பிரின்ஸ் பெயரில் வந்த வேலை

கம்பம்
9 ஜூன் 2024

பிரின்ஸ்,

நீ துபாய் போய்ச் சேர்ந்ததை உன் ஸ்டேட்டஸ் பார்த்துத் தெரிந்துகொண்டேன். உயரமான ஒரு கட்டடம், கீழே ‘கர்த்தருக்கு ஸ்தோத்திரம்’ என்று ஒரு வரி. ஃபோன் போடலாம் என்று எடுத்தேன். ஆனால் உன் குரலைக் கேட்டால் நீ சிரிப்பாய், நானும் சிரித்துவிடுவேன், கேட்க நினைத்ததைக் கேட்காமலே வைத்துவிடுவேன். அதனால் மெயிலில் எழுதுகிறேன். நீயும் எழுது. கூப்பிடாதே.

சென்னை கம்பெனியில் நம் இருவரையும் ஒன்றாக வெளியே அனுப்பியபோது, “ஊருக்கே போயிருவோம் மாப்ள. நாமளே வெப்சைட் பண்ணிக் குடுப்போம். இனி எவன்கிட்டயும் கைகட்டி நிக்க வேணாம்” என்று சொன்னவன் நீ. தேனியில் மாடி அறை பிடித்தவன் நீ. நீ ஆள் பிடிப்பாய், நான் வேலை முடிப்பேன் என்று பேசிக்கொண்டோம். கடைசியில் வீரபாண்டித் திருவிழாவில், ராட்டினத்துக்குப் பக்கத்தில், காது கேட்காத சத்தத்தில் நின்றுகொண்டு, “அடுத்த வாரம் ஃபிளைட்டு” என்றாய். நான் ஏதோ வேடிக்கை என்று நினைத்துத் தலையை ஆட்டினேன். ஏன் முன்பே சொல்லவில்லை?

அறையைக் காலி செய்துவிட்டேன். இப்போது வீட்டில் திராட்சைக் கூடை அடுக்கியிருக்கும் உள் அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். உன்னைப் போல ஆள் பிடிக்கவும் போய்ப் பார்த்தேன். உரக்கடை, கல்யாண மண்டபம், லாட்ஜ் என்று தேனி முதல் கூடலூர் வரை ஏறி இறங்கினேன். உரக்கடைக்காரர் உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். “தம்பி, எங்கடை எங்கன இருக்குனு பள்ளத்தாக்கு பூரா தெரியும். கம்ப்யூட்டர்ல பாத்துட்டா உரம் வாங்க வரப்போறாக?” என்றார். மண்டபத்துக்காரர் ஃபேஸ்புக்கில் படம் போட்டிருப்பதைக் காட்டினார். இரண்டு இடத்திலும் கும்பிட்டுவிட்டு எழுந்து வந்தேன். நீயாக இருந்தால் அந்த டீ ஆறுவதற்குள் ஏதாவது சொல்லியிருப்பாய்.

வேலை தேடித்தரும் அந்தத் தளத்தில் என் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கியிருக்கிறேன். எத்தனையோ பேருக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டேன், ஒருவர்கூடப் பதில் போடவில்லை. மிஞ்சியிருப்பது நீ விட்டுப்போன கணக்கும், அதில் இருக்கும் எய்லீன் அம்மாவும்தான். அயர்லாந்தில் பின்னல் நூல் விற்கிறார்களே, அவர்கள். நேற்றுகூட “பிரின்ஸ், நலமா?” என்று கேட்டிருந்தார்கள். நான் பிரின்ஸ் இல்லை என்று சொல்லிவிடட்டுமா?

சுருளிராஜன்

---

துபாய்
14 ஜூன் 2024

டேய் சுருளி,

சொல்லிவிடாதே. தயவுசெய்து சொல்லிவிடாதே.

ஒருவர் கணக்கில் இன்னொருவர் வேலை பார்ப்பது தெரிந்தால் தளத்துக்காரன் கணக்கையே மூடிவிடுவான். சென்னையில் இருந்த காலத்திலேயே தூக்கத்தை விட்டு நான் சேர்த்த நல்ல பெயர் அது. அதைப் பார்த்துத்தான் அந்த அம்மா வந்தார்கள். நான் போனாலும் கணக்கு இருக்கட்டும், நீ பிழைத்துக்கொள் என்றுதான் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டு வந்தேன். அதைக் கைவிட்டுப் போனதாக எழுதுகிறாய்.

ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்கிறாய். சொன்னால் உன் முகத்தைப் பார்க்க வேண்டும். அதுதான் காரணம், வேறொன்றும் இல்லை. அப்பா பாத்திரக் கடையில் தனியாக நிற்கிறார். தங்கை மகிமாவுக்குக் கல்யாணப் பேச்சு எடுத்தாலே மாப்பிள்ளை வீட்டில் “மகன் என்ன பண்றாக?” என்று கேட்கிறார்கள். “வெப்சைட் பண்றான்” என்று அப்பா சொல்லும்போது அவர் குரல் இறங்கும். போடிக் கடைவீதியில் அந்தக் குரலோடு அவர் நடப்பதைப் பார்க்க முடியவில்லை. “துபாயில் வேலை” என்று இப்போது சத்தமாகச் சொல்கிறாராம்.

உரக்கடைக்காரரிடம் வெப்சைட் வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார். கடையில் அவருக்கு எது தலைவலி என்று கேட்டிருக்க வேண்டும். ஒரே கேள்விக்கு நாளெல்லாம் ஃபோனில் பதில் சொல்கிறாரா? சரக்கு வந்ததா வந்ததா என்று கேட்டு ஆள் வருகிறார்களா? அங்கிருந்து பேச்சைத் தொடங்கு. உனக்கு வேலை தெரியும், வாய்தான் இல்லை. வாய் இல்லாதவன் என் பெயரை வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் ஓட்டினால் என்ன குறைந்துவிடும்?

பிரின்ஸ்

---

கம்பம்
22 செப்டம்பர் 2024

பிரின்ஸ்,

நீ சொன்னபடி ஓட்டினேன். நன்றாகவே ஓடுகிறது. எய்லீன் அம்மா தன் ஊரில் படகு பழுது பார்ப்பவரிடம் சொல்ல, அவர் வந்தார். அவர் சொல்லி ஒரு தேவாலயப் பாட்டுக் குழு வந்தது. எல்லோரும் பிரின்ஸைத் தேடித்தான் வருகிறார்கள். பிரின்ஸுக்கு நேரமே இல்லை. சுருளிராஜனுக்கு வேலையே இல்லை.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். என் சொந்தக் கணக்கிலிருந்து ஒருவருக்கு விண்ணப்பம் போட்டேன். நான் செய்த வேலை என்று நூல் கடைப் பக்கத்தைக் காட்டினேன். ஒவ்வொரு வரியும் நான் எழுதியதுதானே. அவர் தேடிப் பார்த்திருக்கிறார். “இது பிரின்ஸ் என்பவர் செய்த வேலை. அடுத்தவர் உழைப்பைத் திருடிக் காட்டுகிறாய்” என்று எழுதி, தளத்துக்கும் புகார் கொடுத்துவிட்டார். என் கணக்கின் மேல் இப்போது ஒரு எச்சரிக்கை நிற்கிறது. மறுத்து எழுத உட்கார்ந்தேன். என்ன எழுதினாலும் அது உன்னைப் போய் மாட்டிவிடும். மூடி வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். கம்ப்யூட்டரில் யாராவது குரலில் மட்டும் கூப்பிடும்போதெல்லாம் உன் பெயர் காதில் விழுகிறது. “ஏலே, நாளெல்லாம் பிரின்சு பிரின்சுங்குதே, அந்தப் பய வேலையவா நீ பாக்குற? அப்ப ஓம் வேலைய எவன் பாக்குறான்?” என்று நேற்றுக் கேட்டாள். சிரிப்பாள் என்று நிமிர்ந்து பார்த்தேன். சிரிக்கவில்லை.

எய்லீன் அம்மாவிடம் நான் பேசுவதை உனக்குச் சொல்லிவிட வேண்டும். வேலைக்கு நடுவில் அவர்கள் தங்கள் ஊர் மழையைப் பற்றி எழுதுவார்கள். கணவர் இறந்த பிறகு இணையத்தில் மட்டும் விற்றுக்கொண்டு, ஊரில் உள்ள கடையைத் திறக்கவே மனமில்லாமல் இருந்ததைச் சொன்னார்கள். நானும் சொன்னேன். அப்பா தோட்டத்திலேயே விழுந்து இறந்தது, பந்தல் திராட்சையை இப்போது அம்மாவும் நானும் கவனிப்பது, அம்மாவின் முழங்கால் வலி, எல்லாவற்றையும். ஒன்றுகூடப் பொய் இல்லை. கையெழுத்துப் போடும் இடத்தில் மட்டும் உன் பெயர். இந்த வருடத்தில் நான் மனம் விட்டுப் பேசிய ஒரே ஆள் அவர்கள். அவர்களுக்கு என்னைத் தெரியாது.

சுருளிராஜன்

---

துபாய்
17 நவம்பர் 2024

சுருளி,

இதை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் பலமுறை எழுதி அழித்துவிட்டேன். நேராகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வேலை போய்விட்டது. நான் சேர்ந்த பிரிவையே மூடிவிட்டார்கள். விசா முடிவதற்குள் வேறு இடம் கிடைத்தால் இருக்கலாம், இல்லையென்றால் ஊர் திரும்ப வேண்டும். அப்பாவுக்குத் தெரியாது. கிறிஸ்துமஸுக்கு வருவேனா என்று கேட்கிறார், லீவு இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

கணக்கு எனக்குத் தேவைப்படுகிறது. அதில் இருக்கும் வேலைகளும்தான். என் பெயரில் உள்ளதுதானே என்று சொல்ல நா கூசுகிறது. ஆனால் அது என் பெயரில்தான் இருக்கிறது. உன்னைக் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும் என்றுதான் இருந்தேன். கேட்டால் நீ சரி என்றுவிடுவாய், அதைப் படிக்க எனக்குத் தெம்பில்லை. இன்று காலை பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன்.

கோபப்படு. ஆனால் பதில் எழுது.

பிரின்ஸ்

---

கம்பம்
18 நவம்பர் 2024

படகுக்காரருடைய படங்கள் இன்னும் ஏறவில்லை. பாட்டுக் குழுவுக்கு மாதப் பட்டியல் போட்டுத்தர ஒப்புக்கொண்டிருக்கிறேன். எய்லீன் அம்மா கிறிஸ்துமஸுக்கு முன்பு புது நூல் வகைகளை ஏற்றச் சொன்னார்கள். எல்லாம் பிரின்ஸ் கொடுத்த வாக்கு. பிரின்ஸ் பார்த்துக்கொள்ளட்டும்.

---

துபாய்
19 ஜனவரி 2025

சுருளி,

நவம்பரில் எழுதிய அந்தச் சில வரிகளுக்குப் பிறகு நீ பதில் போடவில்லை. இரண்டு முறை எழுதினேன். எழுதாமல் இருக்க உனக்கு உரிமை உண்டு. ஆனால் இப்போது வேறு வழியில்லை.

எய்லீன் அம்மா என்னிடம் என்னைப் பற்றியே கேட்கிறார்கள். “அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?” என்றார்கள். எங்கம்மா நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதே போய்ச் சேர்ந்தது உனக்குத் தெரியும். நலம் என்று எழுதினேன். “கவாத்து முடிந்ததா?” என்றார்கள். திராட்சைக் கொடியை எப்போது வெட்டிக் கவாத்து பண்ணுவார்கள் என்றே எனக்குத் தெரியாது, முடிந்தது என்றேன். “உங்கள் எழுத்து மாறிவிட்டது, உடம்பு சரியில்லையா?” என்று மறுநாள் கேட்டார்கள். அவர்கள் நூல் கடைப் பக்கத்தில் பணம் கட்டும் இடம் வேறு நின்றுபோயிருக்கிறது. நீ எழுதியதை நான் தொட்டால் இன்னொன்று உடைகிறது.

இப்போது அவர்களும் அவர்கள் தங்கையும் கேரளா வருகிறார்கள். பிப்ரவரியில் தேக்கடியில் தங்குகிறார்கள். “வரைபடத்தில் பார்த்தேன், கம்பம் மலைக்குக் கீழேதானே இருக்கிறது, ஒரு வேளை உணவாவது சேர்ந்து சாப்பிடுவோம்” என்று எழுதியிருக்கிறார்கள். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்னைப் பற்றி நீ என்ன நினைத்தாலும் சரி, அந்த அம்மாவுக்காகப் போ. அந்த ஒரு நாள் மட்டும் நீ பிரின்ஸாக இரு. என் படம் கணக்கில் சின்னதாகத்தான் இருக்கிறது, தாடி வேறு. கண்டுபிடிக்க மாட்டார்கள்.

இங்கே அந்தக் கணக்கைத் தவிர எனக்கு எதுவும் மிஞ்சவில்லை.

பிரின்ஸ்

---

கம்பம்
23 பிப்ரவரி 2025

பிரின்ஸ்,

போய்ப் பார்த்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நடுவில் நிறுத்தாமல் படி.

காலையில் குமுளி பஸ் ஏறினேன். அம்மா ஒரு பை நிறையப் பன்னீர் திராட்சை பறித்துக் கொடுத்திருந்தாள். “வெள்ளைக்காரவுகளுக்குக் கொட்டை இருக்கது பிடிக்குமோ என்னமோ, கழுவித் தின்னச் சொல்லு” என்றாள். யாரைப் பார்க்கப் போகிறேன் என்று முழுதாகச் சொல்லவில்லை. லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறும்வரை, வணக்கம், நான்தான் பிரின்ஸ் என்று ஆங்கிலத்தில் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். உனக்காகத்தான். அது பொய்யில்லை.

விடுதித் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் நினைத்ததைவிடச் சின்ன உருவம். முழங்கையில் பிளாஸ்திரி. என்னைப் பார்த்ததும் எழுந்து, “பிரின்ஸ்!” என்று இரண்டு கையையும் நீட்டினார்கள். நான் கையைக் கொடுத்தேன். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எய்லீன் அம்மா பையிலிருந்து சாம்பல் நிறக் கம்பளிக் குல்லாய் ஒன்றை எடுத்தார்கள். “உங்கள் ஊரில் இதற்கு வேலை இல்லை என்று தெரியும். இருந்தாலும் பின்னிவிட்டேன்” என்று சிரித்தார்கள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “உன் அப்பாவைப் பற்றி எழுதினாயே, அதைப் படித்த அன்றைக்குத்தான் நான் மறுபடி கடையைத் திறந்தேன், பிரின்ஸ்” என்றார்கள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. என் அப்பா செத்ததை உன் பெயருக்கு எழுதி வைத்துவிட்டு அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

அவர்களுக்கு முதலில் புரியவில்லை. திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது முறை சொல்வது முதல் முறையைவிடக் கொடுமையாக இருந்தது. என் கையை விட்டுவிட்டார்கள். “அப்பா?” என்றார்கள். “என் அப்பாதான்.” “அம்மாவின் முழங்கால்?” “என் அம்மாதான். நீங்கள் மே மாதத்திலிருந்து பேசியது என்னிடம்தான்.” “நவம்பருக்குப் பிறகு எழுத்து மாறியதே?” “அது நான் இல்லை.” “அப்படியானால் இடையில் ஆள் மாறினார்கள், என்னிடம் யாரும் சொல்லவில்லை” என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை. தனக்குத்தானே சரிபார்த்துக்கொள்வது போலச் சொன்னார்கள்.

தங்கை குறுக்கே புகுந்தார்கள். கணவர் இறந்த வருடம் இணையத்தில் யாரோ ஒருவன் வேறு பெயரில் அக்காவிடம் ஆறுதலாகப் பேசி ஏமாற்றியிருக்கிறானாம். “இனி ஒரு முறை வேண்டாம் என்று எவ்வளவு சொன்னேன்” என்றார்கள். எய்லீன் அம்மா தங்கையைத் தடுக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. “உன் உண்மையான பெயர் என்ன?” என்று கடைசியில் கேட்டார்கள். சொன்னேன். சொல்லிப் பார்த்தார்கள். சரியாக வரவில்லை. மறுபடி முயலவில்லை.

திராட்சைப் பையை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தேன். குல்லாய் அங்கேயே இருந்தது. எடுத்துக்கொள் என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதினேன். அந்தத் தங்கை புகார் கொடுப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது.

சுருளிராஜன்

---

போடிநாயக்கனூர்
30 மார்ச் 2025

சுருளி,

கொடுத்துவிட்டார்கள். கணக்கை மூடிவிட்டான். நிரந்தரமாக. முறையிட்டுப் பார்த்தேன், எந்திரம் எழுதிய பதில் ஒன்று வந்தது.

நீ உண்மை பேசினாய். நல்லது. அந்தக் கணக்கில் பாதி, உன்னோடு தொழில் தொடங்குவதற்கு முன்பே நான் சேர்த்தது. அதற்கும் சேர்த்து நீயே உண்மை பேசிவிட்டாய். என்னிடம் ஒரு வார்த்தை, ‘என்னால் முடியாது பிரின்ஸ், நீயே சொல்லிவிடு’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் நானே அவர்களுக்குச் சொல்லியிருப்பேன். அல்லது சொல்லியிருக்க மாட்டேன். தெரியவில்லை. ஆனால் அது என் வாயிலிருந்து வந்திருக்க வேண்டும்.

உன்னிடம் கேட்காமல் பாஸ்வேர்டை மாற்றியவன் இதை எழுதுகிறேன் என்பது எனக்குத் தெரியும்.

ஊருக்கு வந்துவிட்டேன். மேலே ஊர்ப் பெயரைப் பார். வந்த அன்று அப்பா பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தார். “ஞானசிகாமணி அண்ணே, மகன் லீவுல வந்துருக்காகளா?” என்று வழியெல்லாம் கேட்டார்கள். “ஆமா, ஆமா” என்று என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். வீட்டுக்கு வந்த பிறகும் லீவு எப்போது முடிகிறது என்று அவர் கேட்கவில்லை. மறுநாள் காலையில் கடைச் சாவியை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அவ்வளவுதான்.

பாத்திரத்தில் பெயர் வெட்டிக் கொடுக்கிறேன். கல்யாணச் சீர் வாங்க வருபவர்கள் துண்டுச் சீட்டில் பெயர் எழுதித் தருவார்கள். மிஷினைப் பிடித்துக்கொண்டு அதை அப்படியே எவர்சில்வரில் இறக்க வேண்டும். நேற்று ஒரு குடத்தில் எழுத்துப் பிசகிவிட்டது. வாங்க வந்த பெண் சண்டை போடவில்லை. அதைத் தடவிக்கொண்டே நின்றார்கள்.

தேனியில் எங்காவது என்னைப் பார்த்தால் பேசாமல் போய்விடு. நானும் அப்படியே செய்வேன்.

பிரின்ஸ்

---

கம்பம்
15 ஜூன் 2025

பிரின்ஸ்,

நீ பேச வேண்டாம் என்றாய். எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை.

உன்னிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். பஸ்ஸில் போகும்போது ஃபோன் கையில்தான் இருந்தது. அந்த மலையில் சிக்னல் போய்ப் போய் வந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். வந்தபோதும் நான் எழுதவில்லை.

எய்லீன் அம்மாவுக்கு அவர்கள் கடை முகவரிக்கு ஒரு மெயில் போட்டேன். பணம் கட்ட முடியாமல் நின்றுபோன இடத்தை எப்படிச் சரிசெய்வது என்று, வேறு யாரை வைத்தாலும் புரியும்படி, விளக்கி எழுதினேன். பதில் வரவில்லை. போன வாரம் பார்த்தபோது அவர்கள் கடைத் தளம் புது உருவத்தில் இருந்தது. என் வரி ஒன்றுகூட அதில் இல்லை.

உத்தமபாளையத்தில் ராக்கையா என்று ஒருவர். ஆம்புலன்ஸும், சாவு வீட்டுக்கு வாடகைக்குக் குளிர்பெட்டியும் வைத்திருக்கிறார். ஒரு துக்கத்தில் பழக்கம். வெப்சைட் வேண்டுமா என்று நான் கேட்கவில்லை. எது தலைவலி என்று கேட்டேன். “மேல எஸ்டேட்டுல ஒரு உசுரு போச்சுன்னா, அவுகளுக்கு நம்பர் கெடைக்காது தம்பி. அங்கன விசாரிச்சு இங்கன விசாரிச்சு, எனக்குப் போனு வர்றதுக்குள்ள ஒடம்பு கெட்டுப்போகுது. புள்ளைக வெளியூர்ல இருந்து வந்து மொகத்தப் பாக்க முடியாமப் போயிருது” என்றார். ஒரே பக்கம் செய்தேன். படம் கிடையாது. சிக்னல் மங்கலாக இருந்தாலும் திறக்க வேண்டும், நம்பர் பெரிதாகத் தெரிய வேண்டும், தொட்டால் அழைப்பு போக வேண்டும், அவ்வளவே. தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று.

முடித்துக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். “இதச் செஞ்சவுக பேரப் போடலையா? கீழ போடுப்பா. நாளைக்கு ஒண்ணுன்னா நான் யாரைக் கேக்குறது?” என்றார். போட்டேன். சாவுப் பெட்டிக்குக் கீழே என் பெயர் முதன்முதலாக நிற்கிறது. அம்மாவிடம் காட்ட மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு வேறு வேலை வரவில்லை. தோட்டத்துக்குப் போகிறேன், வருகிறேன். கடைகளில் ஏறி இறங்குகிறேன். பேச முன்னைப்போல நடுங்குவதில்லை. அவ்வளவுதான் முன்னேற்றம்.

பக்கத்தின் முகவரியைக் கீழே கொடுத்திருக்கிறேன். நீ பார்க்க வேண்டும் என்றில்லை.

சுருளிராஜன்

---

போடிநாயக்கனூர்
21 ஜூன் 2025

பார்த்தேன்.

அப்பாவின் பழைய ஃபோனில் திறந்தேன். திரை சின்னது. நம்பரின் கடைசி இரண்டு எண்கள் அடுத்த வரியில் போய் விழுகின்றன. எஸ்டேட்டில் எல்லோரும் இந்த மாதிரி ஃபோன்தான் வைத்திருப்பார்கள். அழுதுகொண்டு இருக்கிறவர்கள் அதைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள். எழுத்தைக் கொஞ்சம் குறை. மலையாளத்தில் ஒரு எழுத்துப் பிழை இருக்கிறது, படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.

மகிமாவுக்கு ஆகஸ்டில் கல்யாணம். உன் வீட்டுக்குப் பத்திரிகை வரும், அப்பா அனுப்புவார். அம்மாவை அனுப்பி வை.

நீ வராதே. இப்போதைக்கு வேண்டாம்.

பிரின்ஸ்